கணிப்பொறிக் கூடத்துச் சொற்கள்

(நம் சங்கத்தின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டுகளில் இம்மேடையில் யாம் பேசியன யாவும் இலக்கியம் பற்றியனவே. இவ்வாண்டும் சிலப்பதிகாரத்தினின்றும் ஒரு காதையை எடுத்துக்கொண்டு பேசுமாறே செயலாளர் பணித்தனர். யாம் இசைந்திலேம். கணிப்பொறிக் கூடத்தில் வழங்கும் சொற்களைப் பற்றிப் பேசுவோம் என விடையெழுதினோம். செயலாளர் உடனே தொலைபேசியில் அழைத்து, "ஐயா, தங்கள் உடம்பு நலந்தானே?" என்று வினவினர்.

உடம்பு நலமே. இப்பொருளை எடுத்ததற்குக் காரணம் இரண்டு. நம்மவர் இல்லங்களில் பிள்ளைகள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் கடல்கடந்த ஊர்களிலும் சர்வர் காக்கும் தொழில் செய்கின்றனர். "மகன் என்ன வேலையில் இருக்கின்றான்?" என்று சம்பந்தம் பேச வந்தோர் கேட்டால், பெற்றோர், "கம்ப்யூட்டரில் ஏதோ" என்பதற்குமேல் ஒரு சொல்லும் கூறமாட்டாதவராய் உள்ளனர். இஃது ஒன்று. மற்றொரு காரணம் நம் கல்வி நிதிப் பதிவேடு பற்றியது. அதனை அதற்குரிய இடத்திற் கூறுதும்.

யாம் தமிழ் கற்றவரேயன்றிப் பொறி கற்றவர் அல்லோம். எம்மிடம் பள்ளியிற் பயின்று, பின்னர்ப் பொறியியல் கற்று, நம் சங்கத்தின் கணிப்பொறிகளை ஊதியமின்றிக் கவனித்துவந்த தம்பி ஒருவர், மாலைதோறும் எம் இல்லம் போந்து இவற்றைக் கற்பித்தனர். மாணாக்கர்க்கு மாணாக்கராயிருந்து கேட்டவற்றையே கூறுகின்றோம்.

முதற்கண் சர்வர் என்னும் சொல். இதனைக் கேட்டவுடன் நம்மிற் பலர்க்கு நினைவு வருபவர், சிற்றுண்டிச் சாலையில் தோளிற் றுண்டுடன் வந்து, "என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று வினவுபவரே. அந்நினைவு பிழையன்று. கேட்பார் கேட்டதைக் கொணர்ந்தளித்தலே இருவர்க்கும் தொழில். கேட்கும் பொறி கிளையன்ட். அளிக்கும் பொறி சர்வர். கணித்தமிழ் அறிஞர் இதனை வழங்கி என்றும் சேவையகம் என்றும் ஆக்கினர். வழங்கி என்பதே எமக்கு உவப்பு, செய்பவரைச் சுட்டி நிற்றலின். ஆயினும் ஒன்று காண்க. சர்வர் என்பது பெட்டியையும் குறிக்கும்; அப்பெட்டியுள் ஓடும் நிரலையும் குறிக்கும். இலக்கண நூலார் ஆகுபெயர் என்றது இத்தகையதே. "மெயில் சர்வர் நின்றுவிட்டது" என்று ஒருவர் கூறின், நின்றது பெட்டியோ நிரலோ என வினவித் தெளிந்த பின்னரே எழுந்து ஓடவேண்டும். பெட்டி ஒன்றனுள் சர்வர் பல குடியிருத்தலும் உண்டு.

இனி, முகவரி. ஒவ்வொரு பொறிக்கும் முகவரி இரண்டு. வலையிணைப்புக் கருவியைச் செய்தவரே அதற்குப் பிறப்பிலேயே இட்டு அனுப்புவது மேக் முகவரி எனப்படும். அது 12 குறிகளால் ஆயது. முன் ஆறும் செய்தவர் யாவர் என்பதைக் காட்டும். மற்றையது ஐ.பி. முகவரி. இது பொறி எங்கே குடியிருக்கின்றதோ அவ்விடத்தைச் சார்ந்தது. இடம் பெயரின் இதுவும் மாறும். மகவுக்கு இட்ட பெயரும், அம்மகவு வளர்ந்து குடியிருக்கும் வீட்டின் எண்ணும் போல என்க.

ஐ.பி. முகவரி, 0 முதல் 255 வரையுள்ள எண்கள் நான்கைப் புள்ளியிட்டு எழுதப்பெறும். இவ்வாறு எழுதத்தக்கன எல்லாம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. 1981இல் இம்முறையை வகுத்தோர்க்கு இது வற்றாக் கடலாகத் தோன்றியிருத்தல் வேண்டும். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துபோயிற்று. இதன் பின்னோனாகிய ஆறாம் பதிப்பில் முகவரியின் நீளம் நான்கு மடங்கு. அது தீராது என்கின்றனர். யாம் ஒன்றும் கூறவில்லை.

தீர்ந்த பின்னரும் வீடுதோறும் புதிய பொறிகள் வலையிற் சேர்கின்றனவே, எங்ஙனம்? எம் ஐயத்தைத் தம்பி ஒரே வினாவால் தீர்த்தனர். "ஐயா, பிள்ளையார் கோயில் தெரு எந்த ஊரில் இல்லை?" என்றனர். உண்மையே. ஊருக்குள் "பிள்ளையார் கோயில் தெரு, ஏழாம் எண்" என்றால் போதும். வெளியூரிலிருந்து அவ்வளவே எழுதிய கடிதம் வந்துசேராது. 192.168 என்று தொடங்கும் முகவரிகளும் 10 என்று தொடங்கும் முகவரிகளும் அத்தகையன. இலட்சக்கணக்கான இல்லங்களில் அதே எண் ஒரே காலத்தில் வழங்கும். வெளியே போம்போது, வாயிலில் நிற்கும் ரௌட்டர் என்னும் பொறி உள்முகவரியை நீக்கித் தன் வெளிமுகவரியை எழுதி அனுப்பி, விடை வந்ததும் உரியவர்க்குப் பிரித்தளிக்கும். இதற்கு நாட் என்பது பெயர். ஊரெல்லை எதுவரை என்று காட்டுவது சப்நெட். எல்லை கடக்கும் வாயில் கேட்வே.

முகவரியைப் பங்கிட்டுக் கொடுப்பது டி.எச்.சி.பி. சத்திரத்து மணியகாரரை ஒப்பது இது. வந்தவர் அறை உண்டோ எனக் கேட்பர். அவர் ஓர் அறையைக் காட்டுவர். வந்தவர் அதனையே வேண்டுவர். அவர் இத்தனை நாள் என்று வரையறுத்து அளிப்பர். அவ்வரையறைக்கு லீஸ் என்று பெயர், நம் குத்தகையே. ஆனால் சர்வருக்குச் சத்திரத்து அறை ஆகாது. நாள்தோறும் இடம் மாறும் கடைக்கு எவர் வருவர்? ஆதலின் அதற்கு நிலையான முகவரி வைப்பர்.

எண்களை மனிதர் நினைவிற்கொள்ளார். ஆதலின் பெயர் வந்தது. தொடக்கத்தில், பெயருக்கு உரிய எண்களை எல்லாம் ஒரே ஏட்டில் எழுதிக் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்திருந்தனர். எல்லாரும் அங்கிருந்தே படியெடுத்துக்கொள்வர். பொறிகள் பெருகவே ஏடு தாங்கவில்லை. 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் என்பார் டி.என்.எஸ். என்னும் முறையை வகுத்தனர். பெயர் வலமிருந்து இடமாக ஆராயப்படும். ஈற்றில் இன் என்று இருப்பின், முதலில் இந்தியாவின் ஏட்டையுடையார் யாவர் எனக் கேட்டு, அவரிடம் அடுத்த உறுப்பைக் கேட்டு, இங்ஙனம் படிப்படியே இறங்கி வீட்டை அடைவது. சோழர் கல்வெட்டுக்களில் மண்டலம், வளநாடு, நாடு, ஊர் எனப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கி, இறுதியில் ஆளின் பெயர் வருதலை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. எழுதும் திசையே மாறு.

இதில் தொழில் செய்வோரை வருத்துவது ஒன்றுண்டு. ஒருமுறை கேட்டறிந்த விடையை இடையிலுள்ளோர் சிறிது காலம் நினைவில் வைத்திருப்பர். அக்கால அளவுக்கு டி.டி.எல். என்று பெயர். வீடு மாறியவர் அஞ்சலகத்தில் எழுதிக் கொடுத்த பின்னரும் பழைய வீட்டுக்குக் கடிதம் போவதுபோல, முகவரி மாற்றிய சர்வருக்கும் சில நேரம் பழைய இடத்திலேயே ஆள் வந்து கதவைத் தட்டுவர். மாற்றுவதற்கு முன்பே இவ்வளவைக் குறைத்து வைத்தவர் அன்றிரவு உறங்குவர்.

போர்ட் என்பதனைத் துறைமுகம் என்று மொழிபெயர்ப்பாரும் உளர். வாயில் என்றலே பொருந்தும். முகவரி வீட்டைக் காட்டும். போர்ட் எண், எந்தக் கதவு என்பதைக் காட்டும். 0 முதல் 65535 வரை கதவுகள். 25 கடிதத்துக்கு, 53 பெயராய்வுக்கு, 80 வலைப்பக்கத்துக்கு, 443 மறைகுறியிட்ட வலைப்பக்கத்துக்கு. 22க்கு மட்டும் ஒரு கதை உண்டு. 1995இல் பின்லாந்து நாட்டில் டாட்டு யூலோனன் என்பார், தம் பல்கலைக்கழக வலையில் கடவுச்சொற்களை ஒருவர் ஒட்டுக்கேட்டுத் திருடியது கண்டு, எஸ்.எஸ்.எச். என்னும் மறைவழியைச் செய்தனர். பழைய வழிகளாகிய எஃப்.டி.பி.க்கு 21ஆம் கதவும், டெல்நெட்டுக்கு 23ஆம் கதவும் இருந்தன. இடையில் 22 எவர்க்கும் இல்லாது கிடந்தது. அதனைத் தருமாறு ஒரு கடிதம் எழுதினர், தந்துவிட்டனர். இன்று உலகத்துச் சர்வர்களைக் காப்போர் நுழையும் கதவு பெரும்பாலும் அதுவே. வேண்டாக் கதவுகளை அடைத்து நிற்கும் காவலன் ஃபயர்வால்.

இருவர் சண்டையிடும் சொற்கள் பேண்ட்வித்தும் லேட்டன்சியும். "நூறு எம்.பி. லைன் வாங்கினேன், ஆனாலும் தாமதமாகின்றது" என்று கடைக்காரரோடு வழக்காடுவோர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியோரே. தஞ்சை நாட்டார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கால்வாயின் அகலம் பேண்ட்வித். மேட்டூரில் திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேரும் நாட்கணக்கு லேட்டன்சி. கால்வாயை எத்துணை அகலமாக வெட்டினும் மேட்டூர் அருகில் வந்துவிடாது. ஒளியானது கண்ணாடி இழையுள் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து சிங்கப்பூர்க்குக் கடலடியில் 2002இல் இட்ட கேபிளின் நீளம் ஏறத்தாழ 3200 கிலோமீட்டர். கணக்கிடுக: ஒருவழிக்கு, நொடியை 1000 கூறாக்கிய கூறுகளில் 16, போய் மீள 32. இதற்குக் குறைவாக அவ்வழியில் அங்கிருந்து ஒருவர் விடை பெறுதல் எப்பொருள் கொடுத்தும் இயலாது. இப்போக்குவரவை அளக்கும் சிறு நிரலுக்குப் பிங் என்று பெயர். 1983இல் மைக் மூஸ் என்பார் செய்தது. நீர்மூழ்கியைத் தேடும் கருவியின் ஒலிக்குறிப்பையே பெயராக வைத்தனர். இரட்டைக்கிளவி பயின்ற நமக்கு ஒலிக்குறிப்புச் சொல்லாவது வியப்பன்று.

இனிச் சேமிப்பு. இங்கேதான் யாம் இடறி வீழ்ந்தோம்.

அளவையில் தொடங்குவோம். பிட் எட்டுக் கூடின் ஒரு பைட். வலையை விற்போர் பிட்டால் அளப்பர். வட்டு விற்போர் பைட்டால் அளப்பர். ஆதலின் நூறு மெகாபிட் என்று விற்ற கம்பியில் நொடிக்கு வருவது பன்னிரண்டரை மெகாபைட்டே. மற்றும், ஒரு டெராபைட் என்று வாங்கிய வட்டைப் பொறியில் செருகினால் 931 என்று காட்டும். கடைக்காரர் களவு செய்தாரல்லர். அவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணினர். பொறி 1024ஆக எண்ணிற்று. ஊருக்கு ஊர் மரக்கால் வேறுபட்ட நாட்டிற் பிறந்த நாம் இதற்குச் சினத்தல் கூடாது.

நாஸ் என்பதும் சான் என்பதும் ஆங்கில எழுத்து மூன்றனால் ஆயவை. எழுத்துக்கள் அவையே, முறைமட்டும் தலைகீழ். சான் என்பது வெறும் மனையை அளந்து கொடுப்பது போல்வது, வாங்கியவரே கட்டிக்கொள்வர். நாஸ் என்பது, அலமாரியும் அதனைக் காக்கும் கணக்கரும் ஆயத்தமாக உள்ள அறை. கோப்பின் பெயரைச் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவர். நம் அலுவலகத்தில் உள்ளது பின்னையது, இரண்டு வட்டுக்கள் கொண்ட சிறு பெட்டி. அதனுள் இருக்கும் அலமாரியை, வேறொரு கணிப்பொறியின் முகப்பிலே அப்பொறியினுடையதே போலத் தோன்றுமாறு இணைத்துக் காட்டலாம். இதற்கு மவுண்ட் செய்தல் என்றும் மேப் செய்தல் என்றும் பெயர். இச்சொல்லை நினைவில் வைம்மின்.

அடுத்தது ரெய்டு. நம் வணிகப் பெருமக்கள் கலங்கவேண்டா. இது வருமானவரியார் செய்வது அன்று. 1988இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் எழுதிய கட்டுரையிற் பிறந்த பெயர் இது. விலைமிக்க பெருவட்டு ஒன்றுக்கு மாற்றாக, மலிவான சிறுவட்டுக்கள் பலவற்றைச் சேர்த்துக் கட்டுதல் அவர் கருத்து. வகை பலவற்றுள் சிலவே கூறுதும். பூச்சிய வகை, எழுதுவனவற்றைத் துண்டாக்கி வட்டுக்களிற் பரப்பும், விரைவு மிகும், ஒரு வட்டுப் போயின் எல்லாம் போம். காவல் பூச்சியம் என்று அதன் பெயரே கூறும். முதல் வகை கண்ணாடி. ஒன்றில் எழுதுவது அக்கணமே மற்றொன்றிலும் எழுதப்படும். ஐந்தாம் வகையில், எண்கள் மூன்றும் அவற்றின் கூட்டுத்தொகையும் நான்கு ஏடுகளில் எழுதி வைத்தாற்போன்ற உத்தி உளது. எந்த ஓர் ஏடு தொலையினும் மற்றை மூன்றைக்கொண்டு கழித்துக் கண்டறியலாம். ஆறாம் வகை, இரண்டு தொலையினும் தாங்கும்.

நம் பெட்டி கண்ணாடி வகை. அதனை விற்ற கடையார், "ரெய்டு போட்டிருக்கிறது, பயமே வேண்டாம்" என்றனர். செயற்குழுவில் இருந்த யாம் எல்லேமும் அச்சொல்லைத் தாயத்துப்போலப் பற்றிக்கொண்டோம். தம்பி மட்டும், "ஐயா, இது வட்டு கெட்டால் காக்கும், வேறொன்றுக்கும் காவல் அன்று. பேக்கப் வேண்டும். வெளிவட்டு ஒன்று வாங்கத் தொகை தருக" என்று எழுதிக் கேட்டனர். "இரண்டு வட்டு இருக்க மூன்றாவது எதற்கு?" என்று குழு மறுத்தது. அக்குறிப்பின் கீழ்க் கையெழுத்திட்டோருள் யாமும் ஒருவர்.

பின்னர் நிகழ்ந்தது இதுகாறும் எவரிடமும் முழுமையாகக் கூறப்படாதது. 2023ஆம் ஆண்டில் ஒருநாள், கல்வி நிதிப் பொறுப்பாளராகிய யாம் அலுவலகத்துக் கணிப்பொறியின்முன் அமர்ந்தோம். இடம் நிரம்பிவிட்டது என்று அது அறிவித்தது. பார்த்தால், கல்வி நிதிப் பதிவேடு பெட்டியிலும் இருந்தது. எம் எதிரேயிருந்த பொறியிலும் இருந்தது. ஒரே பொருள் இரண்டிடத்தில் எதற்கு என்று கருதி, எதிரே இருந்ததை அழித்தோம். அஃது எதிரே இருந்ததன்று. மவுண்ட் செய்யப்பட்டு எதிரே தோன்றியது. ஒரு குளத்துக்குப் படித்துறை இரண்டு இருப்பக் கண்டு, குளம் இரண்டென்று எண்ணி ஒன்றைத் தூர்த்தவர் யாமே. வலைவழி அழித்தது குப்பைத் தொட்டிக்கும் செல்லாது, அன்றே அறியேம். கண்ணாடி வட்டோ, தன் கடமையை வழுவாது செய்து, இரண்டாவதிலும் அக்கணமே அழித்தது. முகத்தில் கரி பூசின் கண்ணாடியுள் முகம் மட்டும் வெளுத்திருக்குமோ?

மூன்று வாரங் கழிந்தே தெரிந்தது. அதற்குள் ஆண்டு விழாப் படங்களும் காணொளிகளும் அவ்வட்டில் ஏற்றப்பட்டன. அழித்த கோப்பு, மேலே வேறெழுத்து விழும்வரை வட்டில் மறைந்து கிடக்கும்; அந்நிலையில் கைதேர்ந்தவர் மீட்டல் கூடும். விழுந்தபின் மீட்சி இல்லை. 2009 முதல் 14 ஆண்டுக் கணக்கு, யார் கொடுத்தனர், எந்தப் பிள்ளை எவ்வளவு பெற்றது, எவ்வளவு திருப்பித் தந்தது என்பன எல்லாம், போயின.

பேக்கப் என்பது யாது? மூலத்தினின்றும் பிரிந்து, மூலம் அழியினும் அழியாது, வேண்டும்போது மீட்கத்தக்கதாய் இருக்கும் படி. ஸ்நாப்ஷாட் என்பது வேறு. அஃது ஒரு கணத்து நிலையைக் குறித்துவைப்பது. கைதவறி அழித்ததை மீட்கப் பெரிதும் உதவும். ஆயினும் பெரும்பாலும் அதே வட்டிலேயே உறைதலின் வட்டோடு தானும் மாயும். இத்தொழிலார் கொள்ளும் முறை மூன்று, இரண்டு, ஒன்று என்பது: படிகள் மூன்று, வைக்கும் பொருள்வகை இரண்டு, அவற்றுள் ஒன்றேனும் வேற்றூரில். ஓலைச்சுவடி கையாண்ட மரபினர்க்கு இதனைப் பிறர் கூறவேண்டியதாயிற்றே என்று யாம் நாணினோம். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, படிகள் பல ஊர்களில் பல இல்லங்களில் மடங்களில் இருந்தமையால். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறிடத்திற் படியில்லாத ஏடுகள் அதனோடே முடிந்தன.

படி எடுத்தல் மட்டும் போதாது. எடுத்த படி திறக்கின்றதா என்று மீட்டும் பார்த்தல் வேண்டும். 2017 ஜனவரி 31ஆம் நாள், உலகெங்கும் நிரலாளர் பயன்படுத்தும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில், நள்ளிரவுவரை உழைத்துக் களைத்த பொறியாளர் ஒருவர், ஒரு சர்வரில் அழிக்க எண்ணியதை மற்றொரு சர்வரில் அழித்தனர். 300 ஜிகாபைட் அளவினதில் நாலரையே எஞ்சியது. காவலுக்கென்று வைத்திருந்த வழிகள் ஐந்து. ஐந்தனுள் ஒன்றும் அவ்வேளையில் செவ்வனே உதவவில்லை. ஆறு மணி நேரத்துக்குமுன் வேறொரு காரியத்துக்காகத் தற்செயலாய் எடுத்த ஸ்நாப்ஷாட் ஒன்றே அவர்களைக் காத்தது. நிகழ்ந்ததை உலகறிய உடனுக்குடன் எழுதினர். பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கையில், அழித்தவரை முதலாம் பணியாளர் என்று குறித்து, குறையை முறையின்மேல் ஏற்றினரேயன்றி அவர்மேல் ஏற்றிலர்.

நாம் என் செய்தோம்? 2023 ஆவணித் திங்கள் செயற்குழுக் குறிப்பில், "கணிப்பொறி கவனிப்பவரின் கவனக்குறைவால் பதிவேடு அழிந்தது" என்று ஒரு வாக்கியம் உளது. தம்பி அதனைக் கேட்டு ஒன்றும் கூறாது சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போயினர். யாம் அன்று அவையில் இருந்தோம், வாய்திறவாதிருந்தோம். அழித்தது எம் கையென்று அப்போது ஐயுற்றோமேயன்றித் தெளிந்திலேம் என்பது உண்மை. ஐயத்தைக் கூறியிருக்கலாம் என்பதும் உண்மை. இதனைத் தெளியவே அவரிடம் சென்று இச்சொற்களைக் கற்றோம். மவுண்ட் என்பதனை அவர் விளக்கிய மாலையில் எமக்கு விளங்கிவிட்டது. அவர்க்கு முன்னரே விளங்கியிருந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பதிவுக் குறிப்பில் எம் பெயரால் நுழைந்த நேரம் எழுதியிருக்க, அதனை எவர்க்கும் காட்டாதிருந்தனர்.

ஆதலின் அவைத்தலைவர் அவர்களை வேண்டுவது: அவ்வாக்கியத்தை அடித்து, அவ்விடத்தில் எம் பெயரை எழுதுக. வெளிவட்டு இரண்டு யாமே வாங்கி அலுவலகத்தில் ஒப்புவித்துள்ளோம்; ஒன்று மதுரைக் கிளையில் இருக்கும். திங்கள்தோறும் முதல் ஞாயிறு மாலை, படியிலிருந்து ஒரு கோப்பையேனும் மீட்டுத் திறந்து பார்ப்பதாகத் தம்பி மீண்டும் பொறுப்பேற்க இசைந்துள்ளனர், பேரவை விரும்பின்.

பதிவேட்டைத் திரும்ப எழுதும் பணி நடைபெறுகின்றது. கொடையாளர் பெயர்கள் ஆண்டுதோறும் நம் சஞ்சிகையில் அச்சிடப்பெற்றமையால் பெரும்பாலும் கிடைத்துவிட்டன. இரண்டு இதழ்கள் மட்டும் அலுவலகக் கோப்பில் இல்லை: 2014ஆம் ஆண்டு ஆடி இதழும், 2018ஆம் ஆண்டுத் தை இதழும். எவர் இல்லத்துப் பரணிலேனும் அவை இருப்பின் கொணர்க. படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். நிதியிலிருந்து உதவி பெற்ற பிள்ளைகளின் ரசீதுகளும் வங்கிச் சீட்டுக்களும் எவ்வளவு பழையனவாயினும் வேண்டும். ஞாயிறு காலை 10 மணி முதல் அலுவலகத்தில் யாம் இருப்போம்.